எம்.எட்.டா, எம்.ஏ. கல்வியியலா? பி.எட். முடித்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பி.எட். இறுதிப் பருவத்தில் இருப்பவர்களும், படிப்பை முடித்துவிட்டுத் தனியார் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களும் ஆண்டுதோறும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். மேற்கொண்டு எம்.எட். சேரலாமா, பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இருக்கிற எம்.ஏ. கல்வியியலுக்கு விண்ணப்பிக்கலாமா, அல்லது தமிழ், கணிதம், இயற்பியல் என்று தம் பாடத்தில் முதுகலை முடித்துவிட்டுப் பிறகு யோசிக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. பெயரளவில் எம்.எட்.டும் எம்.ஏ. கல்வியியலும் ஒன்றுபோலத் தோன்றுவதால், கட்டணம் குறைந்தது எது, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று பார்த்துப் பலர் முடிவெடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தாங்கள் வாங்கிய பட்டம் எந்தப் பணிக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. அந்தத் தெளிவு விண்ணப்பிப்பதற்கு முன்பே கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எம்.எட். இது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின், அதாவது என்.சி.டி.இ.யின், கட்டுப்பாட்டில் உள்ள படிப்பு. அக்குழுமம் 2014இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, அதுவரை ஓராண்டாக இருந்த பி.எட்.டும் எம்.எட்.டும் 2015–16 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டுகளாயின. சேர்வதற்குப் பி.எட்.டிலோ அதற்கு இணையான ஆசிரியர் பயிற்சிப் படிப்பிலோ 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்களையும், பாடத்திட்டம் வகுப்பவர்களையும், கல்வி நிர்வாகிகளையும், ஆய்வாளர்களையும் ஆயத்தப்படுத்துவது இதன் நோக்கம் என்று அந்த விதிமுறையே சொல்கிறது. பள்ளி ஆசிரியர் பணிக்கு எம்.எட். எந்த இடத்திலும் கட்டாயத் தகுதி இல்லை. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளங்கலைப் பட்டமும் பி.எட்.டும் ஆசிரியர் தகுதித் தேர்வும் (டெட்) வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கு அந்தந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். எம்.எட். முடித்திருந்தால் டெட் தேர்விலிருந்து விலக்குக் கிடைக்கும் என்று நம்பி வருபவர்களை இன்றும் சந்திக்கிறேன். அப்படி ஒரு விலக்கு கிடையாது.

அப்படியானால் எம்.எட். எங்கே தேவைப்படுகிறது? கல்வியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் விரிவுரையாளர் பணிக்கும்தான். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதைக் கவனிக்காததால் ஏமாந்தவர்கள் ஏராளம். 2014 விதிமுறைகளின்படி, இரண்டு அலகுகளாக 100 மாணவர்களைச் சேர்க்கும் ஒரு பி.எட். கல்லூரிக்கு முதல்வர் உட்பட 16 ஆசிரியர்கள் வேண்டும். அவர்களில் நான்கு பேர் கல்வித் தத்துவம், உளவியல், சமூகவியல் போன்ற அடிப்படைத் தாள்களை நடத்துபவர்கள். எட்டுப் பேர் கணிதம், அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றின் கற்பித்தல் முறைகளை நடத்துபவர்கள். எஞ்சிய மூவர் உடற்கல்விக்கும் கலைகளுக்கும் உரியவர்கள். கற்பித்தல் முறை நடத்தும் அந்த எட்டு இடங்களுக்கும் பாடத்தில் 55 விழுக்காட்டோடு முதுகலை, அதற்கு மேல் 55 விழுக்காட்டோடு எம்.எட். என இரண்டும் கேட்கப்படுகின்றன. அடிப்படைத் தாள்களுக்கான நான்கு இடங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: சமூக அறிவியல் பாடம் ஒன்றில் முதுகலையும் எம்.எட்.டும் பெற்றவர் ஒருவகை, எம்.ஏ. கல்வியியலும் பி.எட்.டும் பெற்றவர் இன்னொருவகை. இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்கலைக்கழக மானியக் குழு கேட்கும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு), செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது முனைவர் பட்டத் தகுதியும் வேண்டும்.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பி.எஸ்சி., பி.எட். முடித்த ஒருவர் எம்.எஸ்சி. படிக்காமல் நேராக எம்.எட். சேர்ந்தால், அந்த 16 இடங்களில் ஒன்றுக்குக்கூட அவர் தகுதி பெறுவதில்லை. மேல்நிலைப் பள்ளியின் முதுகலை ஆசிரியர் பணிக்கும் அவரால் போக முடியாது. இரண்டு ஆண்டுகளையும் பணத்தையும் செலவிட்ட பிறகும், பி.எட். முடித்த அன்று இருந்த இடத்திலேயே அவர் நிற்க வேண்டியிருக்கும். எனவே பாடத்தில் முதுகலை இல்லாதவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் பாடத்தில் முதுகலையை முடியுங்கள். அது முதுகலை ஆசிரியர் பணிக்கும் வழிவிடும்; பின்னர் எம்.எட். சேர்ந்தால் அந்த எம்.எட்.டுக்கும் பொருள் இருக்கும். ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) ஒவ்வொரு முறையும் வெளியிடும் அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படிக்கும் பழக்கத்தையும் இப்போதே வளர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணனும் கல்லூரி முகவரும் சொல்வதைக் கேட்டு இரண்டு ஆண்டுகளை ஒப்படைக்கக் கூடாது.

பணியில் இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் நிலை வேறு. ஒரு காலத்தில் அவர்கள் எம்.எட். படித்ததற்குப் பெரிய காரணம் ஊக்க ஊதிய உயர்வு. பட்டதாரி ஆசிரியர் ஒருவருக்கு முதுகலைக்கு ஓர் ஊக்க ஊதியம், எம்.எட்.டுக்கு இன்னோர் ஊக்க ஊதியம் என்று கிடைத்து வந்தது. 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அந்த முன்ஊதிய உயர்வு முறையை நிறுத்தியது; பிறகு அதற்குப் பதிலாக ஒருமுறை மட்டும் வழங்கும் தொகை அறிவிக்கப்பட்டது. மாதந்தோறும் சம்பளத்தோடு சேர்ந்து வளர்ந்து ஓய்வூதியம்வரை போன பலனையும், ஒரே தடவை கைக்கு வரும் தொகையையும் ஒன்றாகக் கருத முடியாது. ஆகவே பண லாபத்தை மட்டும் எண்ணி எம்.எட். படிப்பதற்கான காரணம் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. தொலைநிலையில் படிக்கவும் வழியில்லை. 2014 விதிமுறைகள் வரையறுத்த 15 வகை ஆசிரியர் கல்விப் படிப்புகளில் தொலைநிலைப் பி.எட். உண்டு; தொலைநிலை எம்.எட். இல்லை. எம்.எட்.டுக்கு வகுப்பிலும் செயல்முறைப் பணிகளிலும் 80 விழுக்காடு, களப்பணியில் 90 விழுக்காடு வருகை கட்டாயம். அரசுப் பணியில் இருப்பவர் துறையின் முன்அனுமதியும் விடுப்பும் பெறாமல் இதை நேர்மையாக நிறைவு செய்ய வழியே இல்லை.

நேர்மையாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி மாணவர் சேர்க்கும் இடங்கள் இருக்கின்றன என்பது இத்துறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அங்கே படித்தவருக்குப் பட்டம் கிடைக்கிறது, வேறெதுவும் கிடைப்பதில்லை. இந்த நோயின் அடையாளத்தை ஆய்வேடுகளில் மிகத் தெளிவாகக் காணலாம். ஒரு சராசரி எம்.எட். ஆய்வேட்டை எடுத்துப் பாருங்கள். ஏதோ ஒரு மாவட்டத்தின் மேல்நிலை மாணவர் முந்நூறு பேருக்கு ஒரு மனப்பான்மை வினாப்பட்டியல் கொடுக்கப்பட்டிருக்கும். ஆண்–பெண், கிராமம்–நகரம், தமிழ் வழி–ஆங்கில வழி, அரசு–தனியார் என்று அவர்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் டி-சோதனை, அதாவது இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை, போட்டிருப்பார்கள். சில அட்டவணைகளின் கீழ் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’ என்றும், மற்றவற்றின் கீழ் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்றும் எழுதியிருக்கும். அந்த வேறுபாடு ஏன் வந்தது, வகுப்பறையில் அதற்கு என்ன பொருள் என்று ஒரு பக்கம்கூட இருக்காது. மாவட்டத்தின் பெயரையும் மனப்பான்மையின் பெயரையும் மாற்றினால் அடுத்த ஆண்டுக்கான ஆய்வேடு தயார். தட்டச்சுக் கடையிலேயே புள்ளியியலும் போட்டு, அட்டையும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஓர் ஆசிரியர் தம் மாணவர்களைப் பற்றி முதன்முறையாக ஓர் உண்மையான கேள்வியைக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு இப்படி வீணாவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

ஆகவே எம்.எட். என்று முடிவு செய்தால், எங்கே என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் 2008இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பல கல்லூரிகளில் பாடத்திட்டம் ஒன்றே. கற்கும் அனுபவம் ஒன்றல்ல. சென்னை சைதாப்பேட்டையிலும், திருவல்லிக்கேணி லேடி வில்லிங்டன் வளாகத்திலும் இருக்கும் அரசு கல்வியியல் மேம்பாட்டு நிறுவனங்களில் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும்; நூலகம் பழையது, ஆனால் உண்மையிலேயே நூலகம். 1950இல் தொடங்கி இன்று அழகப்பா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் காரைக்குடிக் கல்வியியல் கல்லூரி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி, கோவை பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயக் கல்லூரி ஆகியவற்றுக்கு நீண்ட மரபு உண்டு. எந்தக் கல்லூரியானாலும், சேர்வதற்கு முன் என்.சி.டி.இ. இணையதளத்தின் அங்கீகாரப் பட்டியலில் அதன் எம்.எட். படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கல்லூரிக்குப் பி.எட். அங்கீகாரம் இருப்பது எம்.எட்.டுக்கும் ஆகாது. அதோடு ஒரு வேலைநாளில் நேரில் போய், கடந்த ஆண்டு ஆய்வேடுகளில் நான்கைந்தை நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்பதை விளம்பரப் பலகையைவிட அந்த ஆய்வேடுகள் சரியாகச் சொல்லும்.

மாநிலத்துக்கு வெளியே எம்.எட். படிக்க விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனத்தை. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) கீழ் இயங்கும் அந்த நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடும் புதுச்சேரியும் அதன் எல்லைக்குள் வருகின்றன. வளாகத்திலேயே ஒரு செயல்விளக்கப் பள்ளி இருக்கிறது. வகுப்பில் பேசிய கோட்பாட்டை நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்க முடிகிற இடம் நம் நாட்டில் அரிது. தேசியப் பாடத்திட்டம், பாடநூல் எழுதும் பணிகளோடு தொடர்புள்ள பேராசிரியர்கள் அங்கே உண்டு. நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு. இருந்தாலும் மதுரையிலோ சேலத்திலோ இருந்துகொண்டு பெருந்தொகை கட்டித் தனியார் கல்லூரியில் சேர எண்ணும் ஒருவர், மைசூருக்கு ஒரு விண்ணப்பம் போடாமல் அதைச் செய்யக் கூடாது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் மத்தியக் கல்வியியல் நிறுவனமும் நல்ல இடமே. பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் முதுநிலைத் தேர்வு வழியாக அங்கே எம்.எட். சேரலாம், தில்லியில் தங்கும் செலவை மட்டும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இனி எம்.ஏ. கல்வியியல். இதற்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் வேண்டியதில்லை, வரலாறு, பொருளாதாரம்போல இதுவும் பல்கலைக்கழகம் தரும் ஒரு முதுகலைப் பட்டம். பி.எட். இல்லாதவர்களும் சேரலாம். பொறியியல் படித்தவர், செவிலியர், பத்திரிகையாளர் என்று பலரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். நம் மாணவர்கள் அதிகம் விசாரிப்பது 2010இல் கர்நாடகச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தை. பெங்களூரின் சர்ஜாபுரத்தில் இருக்கும் அந்த வளாகத்தில் கல்வித் தத்துவம், குழந்தை வளர்ச்சி, பாடத்திட்டம், கல்விக் கொள்கை ஆகியவற்றை ஆழமாகப் படிப்பதோடு, அரசுப் பள்ளிகளில் களப்பணியும் செய்ய வேண்டும். டாடா சமூக அறிவியல் நிறுவனமும் கல்வியியலில் முதுகலை நடத்துகிறது. அதன் சேர்க்கை 2024 முதல் க்யூட் முதுநிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு தொடங்கி, நிறுவனம் தானே நடத்தும் அடுத்த கட்டத் தேர்வோடு முடிகிறது.

இவ்விரு இடங்களின் கல்வித்தரத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அங்கே ஒரு கட்டுரையை எழுதிக் கொடுத்தால் அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும்; ‘இதற்கு ஆதாரம் என்ன’ என்று ஓரத்தில் எழுதியிருக்கும். நம் ஊர்த் தேர்வு முறையில் வளர்ந்த ஒருவருக்கு முதல் பருவம் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஓரக்குறிப்புகள்தாம் முதுகலைக் கல்வியின் சாரம். என் கேள்வி வேறு: இங்கே படித்த பிறகு என்ன வேலை செய்ய விரும்புகிறீர்கள்? தொண்டு நிறுவனங்களில் ஆசிரியர்களோடு இணைந்து பணியாற்றுவது, பாடப்பொருள் உருவாக்குவது, ஆய்வு நிறுவனங்களில் சேர்வது, முனைவர் பட்டத்துக்குப் போவது ஆகிய இவையே எம்.ஏ. முடித்தவர்கள் போகும் இயல்பான வழிகள். அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை புதுச்சேரியின் அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு பணியாற்றுகிறது. எனவே தமிழில் வேலை செய்ய விரும்புபவருக்கும் அங்கே இடமுண்டு. ஆனால் அரசுப் பணி ஒன்றே குடும்பத்தின் எதிர்பார்ப்பு என்றால், எம்.ஏ. கல்வியியல் அதற்கு நேரடியாக உதவாது. அதை வைத்து முதுகலை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. கல்வியியல் கல்லூரியிலும் முன்பு சொன்ன 16 இடங்களில் நான்குக்கு மட்டும், அதுவும் பி.எட். கையில் இருந்தால்தான், போக முடியும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. படிப்பின் நடுவில் ‘இதை முடித்தால் டி.ஆர்.பி. எழுதலாமா’ என்று தொலைபேசியில் அப்பா கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்களை அறிவேன்.

நெட் தேர்வைப் பொறுத்தவரை இரண்டு பட்டங்களும் சமம். கல்வியியல் பாடத்தில் எம்.எட். முடித்தவரும் எம்.ஏ. முடித்தவரும் எழுதலாம். நெட் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இது பல தனியார் கல்வியியல் கல்லூரிகள் தரும் சம்பளத்தைவிட அதிகம் என்பதை ஆய்வில் ஆர்வமுள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும். எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டதால், முதுகலையிலிருந்து நேராக முனைவர் பட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஆய்வு முறையை இடையில் கற்றுக்கொள்ள ஒரு படி இப்போது இல்லை. ஆகையால் முதுகலையில் எழுதும் ஆய்வேட்டின் தரம் முன்னைவிட அதிகமாகக் கணக்கில் வருகிறது. ஆய்வுக்குப் போக நினைப்பவர், பெயருக்கு நடக்கும் எம்.எட்.டைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை இணையதளத்தில் பார்த்த உடனேயே பக்கத்தை மூடிவிடுகிறவர்கள் உண்டு. அங்கே குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை தருகிறார்கள். படிப்புக் கட்டணத்தோடு தங்குமிடம், உணவு ஆகியவற்றையும் முழுமையாக ஈடுசெய்யும் அளவுக்கு அது போகலாம். கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு, உள்ளூர்த் தனியார் கல்லூரியின் எம்.எட்.டைவிடப் பெங்களூர் எம்.ஏ. கையிலிருந்து குறைவாகச் செலவு வைக்கும் என்பது நடக்கக்கூடியதே. அறிவித்த கட்டணத்தை ஒப்பிடாமல், உதவித்தொகை போக மீதம் கட்ட வேண்டியது எவ்வளவு, இரண்டு ஆண்டுகளில் ஊருக்குப் போய்வர எவ்வளவு, அந்தக் காலத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாமல் போகும் சம்பளம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களைத் தடுப்பது பணத்தைவிட ஆங்கில அச்சம். இதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு நூறு, நூற்றைம்பது பக்க ஆங்கில வாசிப்பு இருக்கும் படிப்பு அது. பேச்சு ஆங்கிலம் அங்கே இரண்டாம் பட்சம்; வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன்தான் முதல் தேவை. நுழைவுத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே, நாளுக்கு இரண்டு பக்கமாவது கல்வி பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து, படித்ததைத் தமிழில் பத்து வரியில் எழுதிப் பாருங்கள். தமிழில் தெளிவாக எழுத வருகிறது என்றால் புரிந்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது பயிற்சியால் வரக்கூடியது. அந்த உழைப்புக்கு இப்போது நேரமில்லை என்பவர்களுக்கு, தமிழ் தடையின்றிப் புழங்கும் ஒரு நல்ல எம்.எட். வகுப்பே சிறந்தது. அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பி.எட். வகுப்பறைகளில் கற்பிக்கப்போகிறவருக்குத் தமிழில் கல்வியியலைச் சிந்திக்கத் தெரிந்திருப்பது அவசியத் தகுதி.

வேலையை விட முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்வியியல் இருக்கிறது. எந்தப் பட்டதாரியும் சேரலாம்; குறைந்தது இரண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம். உரிய அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகங்கள் ஒழுங்கானவை. தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ள ஓர் ஆசிரியர் அவற்றிலிருந்து நிறையப் பெறலாம். விவாதிக்க ஆள் இல்லாததுதான் குறை. உள்ளூரில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து பதிவு செய்து, மாதம் ஒருமுறை கூடிப் படித்தால் அந்தக் குறையும் பெருமளவு தீரும்.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பிரிட்டனில் கல்வியியல் முதுகலை ஓராண்டுப் படிப்பு. 1902இல் தொடங்கிய லண்டன் கல்வியியல் நிறுவனம், இன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் (யு.சி.எல்.) பகுதி, இத்துறையில் முன்னணியில் நிற்கிறது. அமெரிக்காவில் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியும் ஹார்வர்டும் இருக்கின்றன. கல்வித் துறையில் கிடைக்கும் சம்பளத்தை வைத்து அந்தக் கடனை அடைக்க முடியாது என்பதால், முழு உதவித்தொகை இல்லாமல் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனில் படிக்க உதவும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு, அமெரிக்காவில் படிக்க உதவும் ஃபுல்பிரைட்–நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று ஆண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள். எனவே இது பி.எட். முடித்த கையோடு எடுக்கும் முடிவு அன்று. சில ஆண்டுகள் கற்பித்த பிறகு எடுக்க வேண்டியது. எம்.எட். கேட்கும் இந்தியப் பணி அறிவிக்கைகளுக்கு வெளிநாட்டு எம்.ஏ.வை நம்பிப் போவதும் ஆபத்தானது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் பரிந்துரை ஆளுக்கு ஆள் மாறும். பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும் இருந்து, ஆசிரியர் பயிற்சியில் பணியாற்ற விரும்புபவர் எம்.எட். சேரட்டும், மைசூரு முதல் விருப்பம், அரசு நிறுவனங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் இரண்டாவது. வெறும் இளங்கலையோடு பி.எட். முடித்தவர் பாட முதுகலைக்குப் போகட்டும். பிள்ளைகள் ஏன் கற்கவில்லை, பள்ளிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்வி உண்மையிலேயே உறுத்துகிற, அரசுப் பணிக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இளைஞர் எம்.ஏ.வுக்கு விண்ணப்பிக்கட்டும், இந்த மூன்றில் வாழ்க்கையை அதிகம் மாற்றக்கூடியது அதுதான் என்று நம்புகிறேன். எதிலும் உறுதி இல்லாதவர் ஓர் ஆண்டு பள்ளியில் வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த ஓர் ஆண்டு விண்ணப்பத்துக்கும் வலுச் சேர்க்கும்.

எப்படி வலுச் சேர்க்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எம்.ஏ. சேர்க்கைக்கு நோக்க அறிக்கையோ கட்டுரையோ எழுத வேண்டியிருக்கும். நேர்காணலும் அதை ஒட்டியே போகும். பெரும்பாலோர் எழுதுவது, சிறு வயது முதலே ஆசிரியப் பணியை நேசித்தேன், கல்வியே நாட்டின் முதுகெலும்பு, மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்ற விரும்புகிறேன் என்பவைதாம். அதில் எழுதியவர் யார் என்பதே தெரியாது. ஒருமுறை ஒரு மாணவி கொண்டுவந்த வரைவில் இப்படி ஒரு பத்தி இருந்தது: கற்பித்தல் பயிற்சியின்போது ஏழாம் வகுப்பில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னபோது, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டி, ஐந்தில் இரண்டு என எழுதினார்கள். விடை அரையைவிடக் குறைவாக வருகிறதே, எப்படி என்று கேட்டபோது, ஒரு சிறுவன் ‘கணக்குல அப்படித்தான் வரும் டீச்சர்’ என்றானாம். வாழ்க்கைக்கும் கணக்குக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் வந்தான் என்பதைப் படிக்க விரும்புகிறேன் என்று அவர் எழுதியிருந்தார். மூன்று பக்க வரைவில் நான்காவது பத்தியில் புதைந்து கிடந்த அதை முதலில் கொண்டுவரச் சொன்னேன். மீதியில் பெரும்பகுதியை நீக்கச் சொன்னேன். தேர்வுக் குழு தேடுவது அத்தகைய கவனிப்பைத்தான். உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டினால் அதுபோல ஒன்று நிச்சயம் கிடைக்கும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் இடங்களில் முதல்வரின் பதவியைவிட, உங்கள் வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்த்த வழிகாட்டி ஆசிரியரின் கடிதம் பயன்படும். அவருக்குக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். நீங்கள் நடத்திய பாடங்களின் பட்டியலையும் உடன் கொடுங்கள்.

கடைசியாகக் கால அட்டவணை. இதில் தவறவிடுபவர்களே அதிகம். தமிழ்நாட்டு எம்.எட். சேர்க்கை பி.எட். முடிவுகள் வந்த பிறகு, கல்வியாண்டின் பிற்பகுதியில் நடக்கிறது. பெங்களூர், க்யூட் விண்ணப்பங்களோ அதற்குப் பல மாதங்கள் முன்பே, நீங்கள் இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். க்யூட் முதுநிலைத் தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் வருகிறது. ஆகவே இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே முடிவெடுக்க வேண்டும். மத்திய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம்மிடம் இருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் சேராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ், நடப்பு நிதியாண்டுக்கு உரியதாக வேண்டும். நம் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர நாளாகும். ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்ததும் சான்றிதழைப் புதுப்பிக்கக் கேட்பார்கள் என்பதால், பழைய விண்ணப்ப எண்ணையும் பெற்றோரின் வருமான ஆவணங்களையும் ஒரே உறையில் எடுத்து வையுங்கள். 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிமுறைகள் ஓராண்டு எம்.எட்.டை மீண்டும் முன்மொழிந்திருப்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தக் கல்லூரியின் படிப்பு எத்தனை ஆண்டு, எந்த விதிமுறையின் கீழ் அங்கீகரிக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே கட்டணம் கட்டுங்கள்.